இடிக்கப்பட்ட கட்டடங்கள், இனிக்கும் நினைவுகள்: பாடசாலை மலர்கள் பற்றிய சில அவதானங்கள்

நமது ஊர்களில் அதிகமானோர் வாசிக்கும் உரைநடை எது என்று கேட்டால் சிறுகதை என்றோ நாவல் என்றோ நான் சொல்ல மாட்டேன். பாடசாலைகளின் பொன் விழா, வைர விழா, நூற்றாண்டு விழா மலர்களில் வெளிவரும் நினைவுக் கட்டுரைகளையே சொல்வேன். சிறுகதைத் தொகுதி ஒன்றை ஐந்நூறு பிரதிகள் அச்சிட்டு, அதில் பாதியைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் எழுத்தாளர்கள் நம்மிடையே உண்டு. ஆனால், ஊர்ப் பாடசாலையின் மலர் வெளிவந்தால் மீன் வியாபாரி முதல் கட்டாரிலிருந்து விடுமுறையில் வந்தவர் வரை அதை வாங்கிப் புரட்டுகின்றார்கள். தமது பெயரோ வாப்பாவின் பெயரோ வந்திருக்கின்றதா என்று தேடுகின்றார்கள். பழைய மாணவர் வரிசையில் நின்ற படத்தில் தம்மைக் கண்டுபிடித்துப் பிள்ளைகளுக்குக் காட்டுகின்றார்கள். இவ்வளவு வாசகர்களைக் கொண்ட ஓர் எழுத்து வகையைப் பற்றி நமது விமர்சனம் பேசுவது மிக அரிது. மலர் என்றால் வாழ்த்துச் செய்தியும் விளம்பரமும்தானே என்ற அலட்சியம் அதற்குக் காரணமாக இருக்கலாம்.

இம்மலர்களில் ஒரு குறிப்பிட்ட வகைக் கட்டுரை திரும்பத் திரும்ப வருகின்றது. இன்று இல்லாத ஒரு பாடசாலைக் கட்டடத்தைப் பற்றிய கட்டுரை அது. பழைய மண்டபம், ஓட்டுக் கட்டடம், கிடுகுக் கொட்டில், அரைச்சுவர் வகுப்பறை என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். கட்டடம் போய்விட்டது, நினைவு மிஞ்சியிருக்கின்றது, அதைப் பகிர்ந்துகொள்வோம் என்பதே எல்லாவற்றினதும் அடிநாதம். கடந்த சில வருடங்களாக இத்தகைய கட்டுரைகளைத் தேடித் தேடி வாசித்து வந்திருக்கின்றேன். அவற்றைப் பற்றி எனக்குள்ள மனக்குறையையும் எதிர்பார்ப்பையும் இங்கு முன்வைக்க விரும்புகின்றேன்.

முதலில் மனக்குறை. பத்துக் கட்டுரைகளை அடுத்தடுத்து வாசித்தால் பத்தும் ஒரே பாடசாலையைப் பற்றியவை போலத் தோன்றுகின்றன. தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு அடித்த மணி வரும். முற்றத்தில் ஒரு வேப்பமரம் அல்லது வாகை மரம் நிற்கும். இடைவேளையில் கொடுத்த பணிஸ், சற்று மூத்தவர்களாயின் கெயார் பிஸ்கட். கண்டிப்பான ஓர் அதிபர்; அவருடைய வெள்ளை வேட்டியும் பிரம்பும். அந்தப் பிரம்புக்கு நன்றி. முடிவில், அந்தக் காலம் இனி வராது என்ற பெருமூச்சு. ஊரின் பெயரை மாற்றினால் மருதமுனைக் கட்டுரையைப் பேருவளை மலரிலும் போடலாம். ஒரு வரியும் உறுத்தாது.

இந்த ஒருமைப்பாடு எழுதுபவர்களின் திறமைக் குறைவினால் மாத்திரம் வருவதல்ல. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மொறிஸ் ஹால்ப்வாக்ஸ் 1925இல் வெளியிட்ட நூலில், மனிதன் தனியே நினைவுகூர்வதில்லை, தான் சார்ந்த குழு தரும் சட்டகத்துக்குள் நின்றே நினைவுகூர்கின்றான் என்று வாதிட்டார். இடங்களும் அந்தச் சட்டகத்தின் ஒரு பகுதி என்பது அவரது கருத்து. இதை நமது விடயத்துக்குப் பொருத்திப் பார்க்கலாம். கட்டடம் நிற்கும்வரை ஒவ்வொருவரும் தமது நினைவைச் சுவரோடும் தூணோடும் சரிபார்த்துக்கொள்ள முடியும். கட்டடம் போனபின் சரிபார்ப்பதற்கு எஞ்சியிருப்பது மற்றவரின் பேச்சு மாத்திரமே. எனவே, ஒருவர் சொன்ன மணியை மற்றவரும் கேட்கின்றார். ஒருவர் சொன்ன மரத்தின் கீழ் மற்றவரும் அமர்கின்றார். பகிரப்பட்ட நினைவு நாளடைவில் தேய்ந்த நாணயம் போலாகின்றது. கைமாறுவதற்கு வசதியானது, ஆனால் அதன் முகம் தெரியாது.

இதில் என்ன கேடு, பழைய மாணவர்கள் இனிமையாக எதையாவது எழுதிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். கேடு இருக்கின்றது. அதைக் காண்பதற்கு, நமது பாடசாலைக் கட்டடங்கள் எவ்வெவ்வாறு இல்லாமற் போயின என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மூன்று வழிகள் எனக்குத் தெரிகின்றன.

முதலாவது, மனிதர் விரட்டப்பட்டுக் கட்டடம் கைவிடப்பட்டது. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது 70,000க்கும் மேற்பட்டோர் வீடுகளை மாத்திரமன்றிப் பள்ளிவாசல்களையும் பாடசாலைகளையும் விட்டு வந்தனர். யாழ்ப்பாணத்தாருக்கு இரண்டு மணித்தியால அவகாசமே கிடைத்தது. புத்தளத்தின் கிடுகுக் கொட்டில்களில் படித்த பிள்ளைகளுக்குப் பெற்றோர் படித்த கட்டடம் ஒரு கதையாக மாத்திரமே தெரியும். யுத்தம் 2009இல் முடிந்து முசலிப் பிரதேசத்துக்கு மக்கள் திரும்பியபோது ஊர்களைக் காடு மூடியிருந்தது. 2012இல் வெளியான வர்த்தமானியின் மூலம் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற ஊர்களைச் சார்ந்த காணிகள் வன ஒதுக்கத்தினுள் அடக்கப்பட்டன. 2015இல், மீளக் குடியேறியவர்கள் வில்பத்துக் காட்டை அழிக்கின்றார்கள் என்ற பிரசாரம் நாடெங்கும் எழுந்தது. அவ்வேளையில் ஒரு பழைய பாடசாலையின் அத்திபாரமும் ஒரு கிணற்றின் கட்டும் வெறும் ஞாபகச் சின்னங்களாக இருக்கவில்லை. இங்கு ஓர் ஊர் இருந்தது, பிள்ளைகள் இருந்தார்கள், அவர்களுக்குப் பெயர் கூப்பிட்டு வரவு பதியப்பட்டது என்பதற்கான சாட்சியாகவே அவை நின்றன. அப்படியொரு வேளையில், எங்கள் பாடசாலை முற்றத்தில் ஒரு வேப்பமரம் நின்றது என்ற கட்டுரையால் என்ன பயன்? எந்த வளவு, யார் கொடுத்த காணி, எந்தத் திசைக்கு வாசல், எத்தனை வகுப்புகள் என்று எழுதிய கட்டுரைதான் அங்கு வாய் திறக்கும்.

இரண்டாவது வழி கடல். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் பாடசாலைகள் சிதைந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை, போயா தினம், பாடசாலை விடுமுறையும் கூட. அதனால் வகுப்பறைகள் வெறுமையாக இருந்தன. கட்டடம் விழுந்ததைப் பற்றி எழுதிய பலரும் பிள்ளைகள் உள்ளே இல்லாத அந்தத் தற்செயலைக் கடந்து செல்வது எனக்கு ஆச்சரியமாக இருக்கின்றது. அந்தக் காலை வேளை ஒரு கிழமை நாளாக இருந்திருந்தால் என்ற நினைப்பே ஓர் ஆசிரியனின் நித்திரையைக் கெடுக்கப் போதுமானது. அதன்பின் கிழக்கில் 200 மீற்றர் என்று வரையறுக்கப்பட்ட தடைவலயம் வந்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால், அதற்குள் பாடசாலைகள் பலவற்றுக்கு ஊரின் உட்புறத்தில் இடம் தேடப்பட்டு விட்டது. கடலைப் பார்த்தபடி நின்ற பாடசாலை வயலைப் பார்க்கத் திரும்பியது. மீனவர் தெருப் பிள்ளையின் நடைதூரம் கூடியது. அந்தத் தூரம் எத்தனை பேரின் வரவைக் குறைத்தது என்பதும் நினைவுக் கட்டுரைக்குரிய பொருள்தான்.

மூன்றாவது வழி கேள்விப்பத்திரம். பழுதடைந்த கட்டடம் என்று பொறியியலாளர் அறிக்கை கொடுப்பார். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து கடிதம் வரும். ஓடும் மரமும் ஏலத்தில் போகும். இரண்டு கிழமைக்குள் இடம் வெளித்துவிடும். அதன்மேல் மாடிக் கட்டடம் எழும்; திறந்துவைத்த அரசியல்வாதியின் பெயர் பொறித்த கல்லும் எழும். பழைய கட்டடத்தில் ஏதேனும் கல் பதிக்கப்பட்டிருந்தால் அது கற்குவியலோடு போயிருக்கும்.

இந்த மூன்று அழிவுகளையும் இலக்கியம் ஒரே விதமாக எதிர்கொள்ளவில்லை. யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' என்ற கவிதையை எழுதினார். அது ஒரு கட்டடத்தின் இழப்பைத் தமிழ்க் கவிதையின் பொது நினைவாக்கியது. வெளியேற்றத்தைப் பற்றிக் கவிதையும் கதையும் வந்தன. சுனாமியைப் பற்றி ஏராளமாக வந்தன. எதிரி இருக்கும் இடத்திலும் பேரிடர் இருக்கும் இடத்திலும் எழுத்தாளனின் பேனா தானாக எழும்பி விடுகின்றது. கேள்விப்பத்திரத்தால் விழுந்த கட்டடத்துக்கு மாத்திரம் இலக்கியம் இல்லை; மலர்க் கட்டுரைதான் இருக்கின்றது. ஏனென்றால் அங்கே எதிரி இல்லை. அதிபரும் பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பெற்றோரும் நாமும்தான் இருக்கின்றோம். யாரையும் நோகடிக்காமல் எழுத வேண்டிய கட்டாயத்தில் எழுத்து இனிப்பாகி விடுகின்றது.

நமது ஊர்களில் பெருந்தொகையான பாடசாலைக் கட்டடங்கள் போனது இந்த மூன்றாவது வழியில்தான் என்று எண்ணுகின்றேன். ஆகவே அவற்றிலே மிகப் பரவலாக இருந்த ஒரு வகையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கின்றேன். அரைச்சுவர் மண்டபம். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கரா கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் 1945இல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி பெறும் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. பிள்ளைகள் பெருகினர், குறைந்த செலவில், விரைவில் கட்டடம் தேவைப்பட்டது. 100க்கு 20, 100க்கு 25 என்று அடிக்கணக்காலேயே அழைக்கப்பட்ட நீண்ட மண்டபங்கள் நாடெங்கும் எழுந்தன. இடுப்பளவுச் சுவர், அதற்குமேல் திறந்த வெளி, தூண்கள், மேலே ஓடு அல்லது சீற். உள்ளே குறுக்குச் சுவர் கிடையாது. ஒரு வகுப்புக்கும் மறு வகுப்புக்கும் இடையில் நிற்பது கரும்பலகை மாத்திரமே.

அந்த வடிவம் கற்பித்தலை எப்படி மாற்றியது என்பதை எந்த மலர்க் கட்டுரையாளர் எழுதியிருக்கின்றார் என்று தேடினேன். அரைச்சுவர் மண்டபத்தில் ஓர் ஆசிரியர் தனியே கற்பிக்க முடியாது. மூன்றாம் வகுப்பின் ஏழாம் வாய்பாடு நான்காம் வகுப்பின் இலக்கணத்துக்குள் வந்து விழும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஆறாம் வகுப்பின் பாடத்தை ஒரு வருடம் முந்தியே காதால் கேட்டு முடித்திருக்கும். இளைய தங்கை அழுதால் மூத்த நானா கரும்பலகைக்கு மேலால் எட்டிப் பார்ப்பான். வாடைக்காற்றுக் காலத்தில் மழைச்சாரல் வடக்குப் பக்க வாங்குகளை நனைக்க, எல்லாரும் நடுவுக்கு நெருங்குவார்கள். அடித்த பிரம்பின் சத்தம் ஒரு வகுப்புக்குரியதல்ல, முழு மண்டபத்துக்கும் உரியது, அவமானமும் அப்படியே. அயலில் நடந்து போகின்ற வாப்பாமாரும் உம்மாமாரும் தம் பிள்ளை என்ன செய்கின்றது என்று தெருவிலிருந்தே பார்க்க முடிந்தது. இவையெல்லாம் அந்தக் கட்டடம் செய்த காரியங்கள். சுவர் வைத்த மாடிக் கட்டடத்தில் இவை இல்லை. இல்லாமற் போனவற்றில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்வதற்குக் கட்டடத்தின் அளவும் அமைப்பும் தெரிந்திருக்க வேண்டும். வெறும் 'பழைய மண்டபம்' என்ற சொல்லினுள் இவை எவையும் இல்லை.

அடுத்த கேள்வி, யார் எழுதுகின்றார்கள் என்பது. மலர்க்குழு யாரிடம் கட்டுரை கேட்கின்றது? வைத்தியர், பொறியியலாளர், சட்டத்தரணி, ஓய்வுபெற்ற அதிபர், அரச உத்தியோகத்தர். பாடசாலையால் மேலே போனவர்கள். அவர்களுடைய நினைவில் பிரம்பு ஆசீர்வாதமாக மாறுவது இயல்பே. பிரம்புக்குப் பயந்து ஐந்தாம் வகுப்போடு தோணிக்குப் போனவர் மலருக்கு எழுதுவதில்லை. அவரிடம் எவரும் கேட்பதுமில்லை. எனவே, பிரம்பைப் பற்றிய நமது பகிரப்பட்ட நினைவு, அதிலிருந்து தப்பியவர்களின் நினைவு மாத்திரமே. அதைப் பொது நினைவென்று அச்சிடும்போது ஒரு பகுதியினரின் அனுபவம் இரண்டாவது தடவையாக வகுப்பறையை விட்டு வெளியே அனுப்பப்படுகின்றது.

பெண்களின் நிலை இன்னும் கவனத்துக்குரியது. நமது அரசினர் முஸ்லிம் கலவன் பாடசாலைகளின் பெயரிலேயே 'கலவன்' இருந்தது. ஆனால், ஒரு தலைமுறைக்கு முன்னர் பெரிய பிள்ளையானதும் பெண்களை நிறுத்திவிடும் வழக்கம் பரவலாக இருந்ததை நாம் அறிவோம். நான் முன்னர் பணியாற்றிய கிராமத்துப் பாடசாலை ஒன்றின் பழைய சேர்விடாப்பைப் புரட்டிப் பார்த்திருக்கின்றேன். விலகிய காரணம் எழுதும் நிரலில் ஆண்பிள்ளைகளுக்கு இடமாற்றம், வேறு பாடசாலை, தொழில் என்று ஏதாவது இருந்தது. பெண்பிள்ளைகள் பலருக்கு எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை. காரணம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் எழுதத் தேவையில்லை என்று யாரோ நினைத்திருக்கின்றார். அந்த வெற்று நிரல் மலர்களிலும் தொடர்கின்றது.

அதே கிராமத்தில் எழுபது வயதைக் கடந்த ஓர் உம்மாவிடம் பழைய மண்டபத்தைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னவற்றில் மணியும் இருந்தது, ஆனால் வேறு விதமாக. மண்டபத்தின் நடுவே ஓலைத் தட்டி வைத்துப் பெண்பிள்ளைகளைப் பிரித்திருந்தார்களாம். தட்டியின் மறுபக்கத்தில் பெரிய வகுப்பு ஆண்பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கைக் கேட்டுக் கேட்டே வட்டிக் கணக்குப் பழகினாராம். பின்னாளில் கணவரின் கடைக் கணக்கு முழுவதையும் அவரே பார்த்திருக்கின்றார். பதின்மூன்று வயதில் வீட்டோடு நின்ற பிறகும் மணிச் சத்தத்தை வைத்து இப்போது மூன்றாம் பாடம், இப்போது இடைவேளை என்று அடுக்களையிலிருந்து கணக்கிட்டுக்கொண்டே சில வருடங்கள் இருந்தாராம். கட்டடத்தை இடித்த பிறகு என்ன தோன்றியது என்று கேட்டேன். மண்டபம் மறைத்துக்கொண்டிருந்த கடலின் இரைச்சல் இப்போது நேரே அடுக்களைக்குள் வருகின்றது என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. பல மலர்களின் பெருமூச்சுகளை விட இந்த ஒரு தகவல் எனக்கு அந்தக் கட்டடத்தை அதிகம் காட்டியது. அந்த மலரில் இந்த உம்மாவின் சொல் ஒன்றும் இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் ஒரு நல்ல முன்மாதிரியையும் குறிப்பிடாமல் விடுவது நியாயமாகாது. இன்னொரு மலரில், ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இரண்டே பக்கங்களில் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. வாழ்த்துச் செய்திகளுக்கும் சீமெந்து விளம்பரத்துக்கும் நடுவில் அது ஒளிந்திருந்தது. அவர் உணர்ச்சியைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. மண்டபத்தின் கிழக்கு மூலையிலிருந்து தொடங்குகின்றார். எந்த வகுப்பு எங்கே இருந்தது, காலை வெயில் யார் முகத்தில் விழுந்தது, வெயில் ஏற ஏற வாங்குகளை எந்தப் பக்கம் நகர்த்தினார்கள், எந்த இடத்தில் ஓடு ஒழுகியது, அந்த ஒழுக்கின் கீழ் எப்போதும் எந்த வகுப்பை வைத்தார்கள் என்று சொல்லிக்கொண்டே போகின்றார். ஒழுகும் இடத்தில் எப்போதும் வைக்கப்பட்டது பரீட்சையில் பின்தங்கியவர்களின் வகுப்பு. இதை அவர் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. தளபாட விபரம் போலச் சொல்கின்றார். அதுவே அக்கட்டுரையின் பலம். மரத்துக்காகப் பெண்கள் வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்ததையும், கூரை ஏற்றிய நாளில் ஊர் கூடி நின்றதையும், எதைத் தன் கண்ணால் கண்டார், எதைத் தன் வாப்பா சொல்லக் கேட்டார் என்று பிரித்தே எழுதுகின்றார். இன்று அந்த ஊரார் எவரேனும் அந்த இரண்டு பக்கங்களை வைத்துக்கொண்டு மண்டபத்தின் வரைபடத்தைக் கீற முடியும்.

அக்கட்டுரையிலும் ஒரு மௌனம் உண்டு. புதிய கட்டடம் எங்கே வருவது என்பதில் ஊரின் இரு பகுதியாரிடையே பெரிய பிணக்கு இருந்ததென்றும், அதனாலேயே பழைய மண்டபத்தின் இடம் தேர்ந்தெடுக்கப்பட்டதென்றும் அவ்வூர் நண்பர்கள் என்னிடம் சொன்னார்கள். கட்டுரை அந்தப் பிணக்கைத் தொடவில்லை. மண்டபம் ஏன் இடிக்கப்பட்டது என்ற இடத்துக்கு வந்ததும், அவ்வளவு துல்லியமாக எழுதியவர் 'காலத்தின் தேவை கருதி' என்று ஒரு சொற்றொடரோடு முடித்துவிடுகின்றார். காலம் எந்தக் கட்டடத்தையும் இடிப்பதில்லை. ஒரு கூட்டத்தில் தீர்மானம் எடுக்கப்பட்டு, ஒருவர் கையொப்பமிட்டு, கூலிக்கு ஆட்கள் வந்துதான் இடிக்கின்றார்கள்.

இப்படியெல்லாம் கேட்டால் நினைவுக் கட்டுரை இலக்கியமாக இராமல் சம்பவத்திரட்டுப் புத்தகமாகி விடாதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானது. என் பதில் இதுதான்: அளவும் திசையும் பெயரும் உணர்ச்சிக்குப் பகையல்ல. ஒழுகும் ஓட்டின் கீழ் எந்த வகுப்பு இருந்தது என்ற விபரத்தில் இருக்கும் வேதனை, 'மறக்க முடியாத அந்த நாட்கள்' என்பதில் இல்லை. மொழி தேய்ந்திருப்பதால் உணர்ச்சியும் தேய்ந்தே வந்து சேர்கின்றது. நல்ல சிறுகதை எழுதும் நம்மவர்கள் கூட மலருக்கு எழுதும்போது மாத்திரம் வாழ்த்துரை நடைக்கு இறங்கிவிடுவது இவ்வகை எழுத்தின் மீது நமக்கிருக்கும் மதிப்பின்மையையே காட்டுகின்றது.

பகிரப்பட்ட நினைவைச் சோதிப்பதற்கான ஒழுங்கை நாம் வெளியிலிருந்து இரவல் வாங்க வேண்டியதுமில்லை. ஹதீஸ் கலையில் ஒரு செய்தி வந்தால் அதன் சொல்லை மாத்திரம் பார்ப்பதில்லை. அதன் இஸ்னாதையும் பார்ப்பார்கள். யார் சொன்னார், யாரிடம் கேட்டார், இருவரும் ஒரே காலத்தில் வாழ்ந்தவர்களா, அவருடைய ஞாபகசக்தி எப்படி என்றெல்லாம் விசாரிப்பார்கள். மலர்க் கட்டுரைக்கு அந்தக் கலையின் புனிதத்தை ஏற்றச் சொல்லவில்லை. அதன் நாணயத்தைக் கற்றுக்கொள்ளலாம் என்றே சொல்கின்றேன். பாடசாலை தொடங்கிய ஆண்டைச் சிலர் திண்ணைப் பள்ளியிலிருந்தும், சிலர் முதல் கொட்டிலிலிருந்தும், சிலர் அரசு பதிந்த நாளிலிருந்தும் எண்ணுவதால் ஒரே மலருக்குள் மூன்று ஆண்டுகள் வருவதை நான் கண்டிருக்கின்றேன். மூன்றும் பிழையல்ல. எதிலிருந்து எண்ணுகின்றோம், யார் சொல்லக் கேட்டோம் என்று எழுதிவிட்டால் மூன்றும் பயனுள்ள செய்திகளாகிவிடும்.

இதை எழுதுவதற்கு எனக்கு உடனடியான தேவையும் இருக்கின்றது. இப்போது நான் கற்பிக்கும் பாடசாலையின் அரைச்சுவர் மண்டபம் பாவனைக்கு உகந்ததல்ல என்று அறிக்கை வந்திருக்கின்றது. அதைக் காப்பாற்றுங்கள் என்று நான் கோரவில்லை. வளைகளில் கறையான் ஏறியிருக்கின்றது. மழை நாட்களில் அதன் கீழ் பிள்ளைகளை இருத்துவதற்கு எனக்கே மனம் வருவதில்லை. இடிக்கத்தான் வேண்டும். இடித்தபின் வரும் மலருக்கு நினைவுக் கட்டுரைகள் சேர்க்கும் பொறுப்பை என்னிடம் தந்திருக்கின்றார்கள். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில், பிள்ளையிடம் கட்டுரை கேட்குமுன் நல்ல வினாவைக் கேள் என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். அதன்படி, எழுதுவோரிடம் கேட்பதற்கு நான்கு விடயங்களைக் குறித்து வைத்திருக்கின்றேன்.

ஒன்று, நீங்கள் எந்த இடத்தில் இருந்தீர்கள், அங்கிருந்து என்ன தெரிந்தது, என்ன கேட்டது என்று எழுதுங்கள். இரண்டு, கண்டதையும் கேட்டதையும் வேறாக்குங்கள். கேட்டது யாரிடம் என்றும் சொல்லுங்கள். மூன்று, உங்களோடு சேர்ந்து, இடையில் நின்றுபோன ஒருவரைப் பற்றி எழுதுங்கள். முடிந்தால் அவரையே அழைத்து வந்து பேச வையுங்கள், நான் எழுதிக்கொள்கின்றேன். நான்கு, இந்த மண்டபத்தை இடிக்கும் தீர்மானம் எப்படி எடுக்கப்பட்டது என்று, அதில் நீங்கள் இருந்திருந்தால், மறைக்காமல் எழுதுங்கள். நம் காலத்துத் தீர்மானத்தை நாமே எழுதாவிட்டால் இன்னும் ஐம்பது வருடங்களில் அதற்கும் 'காலத்தின் தேவை' என்று பெயர் வந்துவிடும்.

இவற்றுடன், இடிப்பதற்கு முன்னர் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு மண்டபத்தை அளந்து, தூண்களை எண்ணி, வரைபடம் கீறி வைக்க எண்ணியிருக்கின்றேன். கணித பாடத்துக்கும் அது உதவும். ஏனைய ஊர்களின் ஆசிரியர்களும் இதைச் செய்தால், கிழக்கிலும் வடக்கிலும் மலைநாட்டிலும் தெற்கிலும் நமது பிள்ளைகள் எத்தகைய கூரைகளின் கீழ் படித்தார்கள் என்ற ஒரு வரலாறு தானாகவே சேர்ந்துவிடும். மலரில் இவ்வளவுக்கும் பக்கங்கள் போதாது என்று குழுவில் சிலர் இப்போதே சொல்கின்றார்கள். வாழ்த்துச் செய்திகளைக் குறைத்தால் போதும் என்பது என் அபிப்பிராயம்.